முகம் கொடுத்துக் கதைத்தல்

யாழ்ப்பாணத்தில் நோயாளியை ‘வருத்தக்காரர்’ என்பார்கள். நோய்க்கு ‘வருத்தம்’ என்று பெயர். மனத்துயருக்கும் அதே சொல்தான். நோயுற்றவரைக் காணப் போகும் உறவினர் ‘வருத்தம் பார்க்க’ப் போகிறார். நாடி பிடித்து மருந்து கொடுக்கும் வைத்தியரும் ‘வருத்தம் பார்க்கிறார்’. உடல் நோவையும் உள நோவையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மக்கள், பார்க்கிறவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதிலும் ஓர் எண்ணம் வைத்திருக்கவே செய்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கு வேண்டியதில்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. விடிய ஐந்து மணிக்கே துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, பத்தரை மணிக்கு உள்ளே அழைக்கப்பட்டோம். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞருக்கு அம்மாவின் மூத்த பேரனுடைய வயதிருக்கும். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, “என்ன உனக்கு?” என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முழங்கால் நோகுது” என்றார். “வேறை?” “வேறை ஒண்டுமில்லை, தம்பி.” குளிசை எழுதப்பட்டது, வெளியே வந்தோம்.

பஸ்ஸில் வரும்போதுதான் அம்மா சொன்னார், இரவில் நெஞ்சுக்குள் ஓர் அந்தரம் வருகிறதென்றும், படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றும். ஏன் அங்கே சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன். “அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? முகங் குடுத்துக் கதைச்சால் எல்லோ சொல்லலாம்.”

அந்த இளைஞரை நான் குறை கூற வரவில்லை. அவர் மேசைக்கு முன் வரிசை வாசல் தாண்டி முற்றம்வரை நின்றது. அன்று அவர் தேநீர் குடித்தாரோ தெரியாது. ஆயினும் ஒரு விகுதியும் நிமிராத ஒரு தலையும் சேர்ந்து ஒரு நோய்க்குறியை அவரிடமிருந்து மறைத்துவிட்டன.

‘முகம் கொடுத்தல்’ நம் பேச்சுவழக்கில் இயல்பாகப் புழங்குவது. முகம் முறிதல், முகம் சுண்டுதல், முகத்தில் அடித்தாற்போல் சொல்லுதல் என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டு. இதே முகத்தை வைத்து மேலைத்தேயத்தில் ஒரு கோட்பாடே எழுந்தது என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தியாகும். ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் மனிதர் பிறர் முன் காக்க விரும்பும் மதிப்பை ‘முகம்’ என்று குறித்தார். பெனெலொப்பி பிறவுண், ஸ்ரீபன் லெவின்சன் என்னும் இருவர் அதைக் கொண்டு மரியாதைப் பேச்சு உலக மொழிகளில் எவ்வாறு அமைகிறது என ஆராய்ந்து, 1978 இல் நீண்ட கட்டுரையாகவும் 1987 இல் நூலாகவும் வெளியிட்டனர். அவர்கள் சான்றுக்கு எடுத்த மொழிகள் மூன்று. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மெக்சிக்கோவின் பழங்குடி மொழியாகிய செல்ற்றல், மூன்றாவது, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் பேசப்பட்ட தமிழ். மரியாதையைப் பற்றி உலகம் படிக்கும் நூலின் மூன்று தூண்களில் ஒன்று நம் மொழி.

ஒவ்வொருவருக்கும் இருவகை முகம் உண்டென்பது அவர்கள் கருத்து. தன்னைப் பிறர் மதிக்க வேண்டும் என்பது ஒன்று. தன் எல்லைக்குள் பிறர் தலையிடக்கூடாது என்பது மற்றொன்று. இதை ஆஸ்பத்திரியில் வைத்துப் பாருங்கள். சட்டையைக் கழற்று, நாக்கை நீட்டு, மலம் என்ன நிறம், மாதவிலக்கு எப்போது நின்றது என்றெல்லாம் கேட்பதும் பார்ப்பதும் வைத்தியரின் தொழில். வேறெந்தத் தொழிலும் முன்பின் அறியாத மனிதரின் எல்லைக்குள் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆதலால் மருத்துவத்தில் மரியாதை என்பது மேலே தூவும் சர்க்கரையன்று. அது இல்லாவிடின் உள்ளே போகவே வழியில்லை.

தமிழிலோ சிக்கல் இன்னும் கூடுதல். ஆங்கில வைத்தியர் கதிரையைக் காட்டி ‘சிற் டவுன்’ என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். யாழ்ப்பாணத் தமிழில் ‘இரு’ என்பதா, ‘இரும்’ என்பதா, ‘இருங்கோ’ என்பதா? ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்ற ஒரு படியை நாம் பேச்சில் இன்னும் வைத்திருக்கிறோம். வாய் திறந்ததும் எதிரில் இருப்பவருக்கு ஒரு படியைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் தப்ப முடியாது. அந்தப் படியோ வயதை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று. நரைத்த கிழவராயினும் ஒடுக்கப்பட்ட சாதியினராயின் அவரைச் சிறுவனும் ‘நீ’ என்றழைத்த காலம் மிகப் பழையதன்று. யாழ்ப்பாணத் தமிழில் சாதியும் மதிப்பும் எவ்வாறு பதிந்துள்ளன என்பதைப் பேராசிரியர் சுசீந்திரராஜா ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஊரின் விகுதிகள் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படவில்லை. உள்ளே புது விகுதிகளும் சேர்ந்தன. வெள்ளைச் சட்டைக்கு ‘ஐயா’, தாதிக்கு ‘மிசி’, சாரத்தோடு வந்தவருக்கு ‘நீ’.

பரியாரியார் காலம் பொற்காலமென்று சொல்பவர்கள் உண்டு. அவர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் இருத்திச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். போகும்போது வெற்றிலையில் காசு வைத்துக் கொடுத்தார்கள். பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய ஏடுகளின் செய்யுள்கள் அவர் நாவில் இருந்தன. அவர் வருத்தக்காரரின் எல்லைக்குள் வந்து, அந்த வீட்டு முறைக்குக் கட்டுப்பட்டு நின்றார் என்பது உண்மையே. ஆனால் அந்த மரியாதை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகக் கிடைத்ததன்று. ஆஸ்பத்திரி வந்தபோது போக்குவரத்துத் தலைகீழாயிற்று: வருத்தக்காரர் வைத்தியரின் எல்லைக்குள் போகிறார். அங்கு எப்படிப் பேசுவது என்பதற்கு முறை எதுவும் இருக்கவில்லை, புதிதாய் எழுதவேண்டியிருந்தது.

எழுதியவர் தோமஸ் பேர்சிவல். நாவலரோடு பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேறு. இவர் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரத்து வைத்தியர். 1740 இல் பிறந்தவர். அந்நகரத் தரும ஆஸ்பத்திரியில் 1790களின் தொடக்கத்தில், தொற்றுக் காய்ச்சல் பரவிய நேரத்தில், வைத்தியர்களுக்குள் பெரும் சச்சரவு மூண்டது. இனி இவர்கள் எப்படி ஒழுகவேண்டும் என விதி எழுதித் தருமாறு பேர்சிவலிடம் கேட்டனர். அது வளர்ந்து 1803 இல் ‘மெடிக்கல் எதிக்ஸ்’ என்ற நூலாயிற்று. நோயாளியின் துன்பத்தால் அன்றி வைத்தியரின் சண்டையால் பிறந்த நூல் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆயினும் பேர்சிவல் நல்ல மனிதர். பெரிய வாட்டுகளில் நோயாளியிடம் அவர் நோயைப் பற்றிக் கேட்கும்போது அடுத்த கட்டிலுக்குக் கேளாத குரலில் கேட்கவேண்டும் என்று எழுதினார். நோயாளியின் உடலை மட்டுமன்றி அவர் உணர்ச்சிகளையும் கவனிக்கச் சொன்னார். இவற்றை இன்றும் எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டலாம். ஆனால் வைத்தியரிடம் இருக்கவேண்டிய குணங்களை அடுக்கும்போது, இரக்கத்தோடும் உறுதியோடும் அதிகாரத்தோடும் ‘கொன்டிசென்ஷன்’ என்ற ஒரு சொல்லையும் வைத்தார். இன்று அது வசைச்சொல். அன்று அது நற்குணம்: உயர்ந்தவர் தம் உயரத்திலிருந்து மனமுவந்து இறங்கி வருதல். கோயிலில் சுவாமி இறங்கி வீதிவலம் வருவதைப் போன்றது. தரும ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏழைகள், இலவசமாக வந்தவர்கள். அவர்களுக்கு மரியாதை மேலேயிருந்து அருளப்பட்டது. அவர்கள் திருப்பித் தரவேண்டியது நன்றியும் நம்பிக்கையும்.

பேர்சிவலின் நூல் அத்திலாந்திக் கடல் கடந்தது. 1847 இல் பிலடெல்பியாவில் கூடி உருவான அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் ஒழுக்கக் கோவையை அதைத் தழுவியே எழுதிற்று. அதில் ஒரு புதுமை, நோயாளிக்கும் கடமைகள் விதிக்கப்பட்டன. நோயோடு சம்பந்தமில்லாத கதைகளைச் சொல்லி வைத்தியரைக் களைக்கப்பண்ணக்கூடாது; சொன்ன மருந்தை உடனே, கேள்வியின்றி உட்கொள்ளவேண்டும்; மருந்து பொருத்தமானதா என்பதில் தன் சொந்த அபிப்பிராயத்துக்கு இடங்கொடுக்கக்கூடாது. சம்பந்தமில்லாத கதை எது என்பதை யார் தீர்மானிப்பது? என் தாயாரைப் போன்றவர்கள் பேரனின் திருமணத்தில் தொடங்கித்தான் நெஞ்சு நோவுக்கு வந்து சேர்வார்கள்.

அதே 1847ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்தார் ஓர் இளைஞர். நேயர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்: சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். வயது இருபத்தைந்து, இரண்டாண்டுகளுக்கு முன்னரே நியூயோர்க்கில் வைத்தியப் படிப்பை முடித்தவர். முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 முதல் மானிப்பாயிலும் பணி செய்தார். கவிஞர் அம்பியின் ‘கிறீனின் அடிச்சுவடு’ படித்தவர்களுக்கு அவர் வரலாற்றை நான் மீண்டும் சொல்லத் தேவையில்லை. அவரைக் கலைச்சொல்லாக்க முன்னோடி என்றே நாம் வழமையாகப் போற்றுகிறோம். நான் நோக்க விரும்புவது வேறொரு பக்கம்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே வைத்தியம் படிப்பித்தார். 1864 இல் தமிழுக்கு மாறினார். அமெரிக்க மிசன் ஆங்கிலக் கல்வியிலிருந்து பின்வாங்கி 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினறியை மூடியிருந்தது. ஆகவே இம்மாற்றத்தில் மிசனின் கொள்கைக்கும் பங்குண்டு. கிறீனின் கணக்கோ எளிமையானது. ஆங்கிலத்தில் பயின்றவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவார். தமிழில் பயின்றவர் ஊரோடு தங்குவார். தம்மிடம் படித்தோர் நடையிலும் உடையிலும் ஐரோப்பியராக மாறிப்போவதையும் அவர் விரும்பவில்லை. அவர் சமயப் பணிக்கென்று வந்தவர்; அதை ஒருபோதும் மறைத்தவரல்லர். மக்களிடமிருந்து அந்நியப்பட்ட வைத்தியரால் அப்பணிக்கும் பயனில்லை என்று கண்டிருப்பார்.

பிரசவ வைத்தியம் 1857 இலும், இரணவைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலுமாக நூல்கள் வந்தன. 1873 இல் ஊர் திரும்பிய பின்னும், 1884 இல் இறக்கும்வரை அவர் தமிழ்நூற் பணியை விடவில்லை. உண்மையைச் சொன்னால், அங்காதிபாதம் என்ற சொல்லை மானிப்பாய்ச் சந்தையில் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள். வடமொழி கலந்த அந்த நூற்றமிழ் வருத்தக்காரரின் தமிழன்று. வருத்தக்காரர் சொன்னது நாரி உளைவு, செமியாக்குணம், தடிமன், சத்தி. எனினும் ஒன்றைக் கருதிப்பாருங்கள். தமிழில் படித்த வைத்தியர் ‘நாரி உளைவு’ என்ற சொல்லைக் கேட்டதும் அதை வேற்றுமொழிக்குக் கொண்டுபோய்ச் சிந்தித்து மீண்டும் கொண்டுவரத் தேவையில்லை. வருத்தக்காரர் தம் வாயில் வந்த சொல்லுக்காக வெட்கப்படவும் தேவையில்லை. பிலடெல்பியாக் கோவையில் காணாத மரியாதை இது. நோயாளி தன் மொழியில் நோயாளியாக இருக்கலாம்.

அது நீடிக்கவில்லை. கொழும்பில் 1870 இல் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் நடந்தது. மானிப்பாய்த் தமிழ் வகுப்பு கிறீனுக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. டொக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, அப்போதிக்கரியோ மிசியோ அற்றன்டனோ தமிழாக்க, அந்தத் தமிழில் ‘நீங்கள்’ வழியிலேயே ‘நீ’யாகிவிடும். 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து கட்டிலடிக்கு வரும் பாதை நீளமானது. மலையகத்துத் தகப்பனார் ஒருவர், சிங்களம் தெரிந்த மகளைத் துணைக்குக் கூட்டிவந்து டொக்டர் முன் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய வருத்தம் சிறுநீர் சம்பந்தமானது. மகள் மூலமாக அதை எப்படிச் சொல்வார்? தலைவலி என்றார். அந்த டொக்டர் மிக அன்பானவர். எழுந்து நின்று அவரின் தோளைத் தட்டித் தலைவலிக்கு மருந்து கொடுத்தார்.

பேர்சிவலும் பிலடெல்பியாக் கனவான்களும் நிமிர்ந்து நின்று எழுதியவர்கள். படுத்திருந்து எழுதியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். கிரைமியப் போரில் அவர் விளக்கோடு நடந்த கதையை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். போரிலிருந்து திரும்பிய பின் 1857 முதல் பல ஆண்டுகள் அவரே பெரும்பாலும் படுக்கையிற் கிடந்தார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. தாதியியல் பற்றிய அவரது புகழ்பெற்ற சிறுநூல் அக்காலத்தில், 1859 இன் முடிவில் வெளிவந்தது. அதிலே உயர்வு, இரக்கம், இறங்கி வருதல் என்ற பேச்சு அதிகமில்லை. கதிரையை எங்கே போடுவது என்ற பேச்சு இருக்கிறது. நோயாளி கழுத்தைத் திருப்பாமல் உன்னைக் காணும் இடத்தில் இரு என்கிறார். நின்றபடி பேசாதே, பின்னாலிருந்து பேசாதே, வாசலில் நின்று பேசாதே, அவர் நடக்கும்போது கேள்வி கேட்டு நிறுத்தாதே. அறைக்கு வெளியே குசுகுசுவென்று கதைப்பதைக் கொடுமை என்றே சொல்கிறார். படுத்திருப்பவர் காது முழுவதும் அந்தக் கதவடியில்தான் இருக்கும். சீக்கிரம் சுகமாகிவிடும் என்று வெறும் ஆறுதல் சொல்லி வருபவர்களுக்காக ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி வைத்துக் கடிந்திருக்கிறார்.

அந்நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்றுண்டு. வீட்டு வேலைக்காரரின் உத்தியோக மரியாதை நோயாளிக்கு இதமானது என்கிறார் நைற்றிங்கேல். பலர் ஏனென்று தெரியாமலே உறவினரைவிட வேலைக்காரர் அருகில் இருப்பதை விரும்புகிறார்களாம். முதல்முறை படித்தபோது இது பிரபுத்துவ வீட்டுப் பெண்ணின் பேச்சு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்பு இருக்கிறதென்ற துணிவில் நாம் கதவைத் தட்டாமல் நுழைகிறோம், கட்டிலில் குந்துகிறோம், போர்வையை இழுக்கிறோம். வேலைக்காரர் தட்டிவிட்டு நுழைகிறார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு பெண் படுக்கையிலிருந்து பேசினார். கேற் கிறேஞ்சர், இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பார்த்த இளம் டொக்டர். 2011 இல் அவருக்கு அரிதான புற்றுநோய் கண்டது. அது பரவிவிட்டதென்ற செய்தியை ஓர் இளம் டொக்டர், துணைக்கு யாரும் வேண்டுமா என்றும் கேளாமல், கண்ணைப் பாராமல் சொல்லிவிட்டுப் போனார். 2013 ஓகஸ்ற்றில் தொற்று நோயோடு மீண்டும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார்: வருகிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. ஊசி போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். யார் என்பது தெரியாது. பெயர் சொன்னவர்களில் அவர் மனதில் நின்றவர், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வந்த தொழிலாளி. ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று தொடங்குங்கள் என்ற அவரது வேண்டுகோள் அவரும் கணவரும் நடத்திய இயக்கமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. 2016 யூலை 23 இல், முப்பத்துநான்கு வயதில் அவர் காலமானார்.

நமது ஆஸ்பத்திரிகளில் பெயர் சொல்லும் வழக்கம் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்ததுண்டு. நம்மவர் பெயரோடு நிற்கமாட்டார்கள். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வரிசை இன்னும் நீளும். இருக்கட்டும்.

என் தாயாரின் கதைக்கு வருகிறேன். நாலு மாதம் கழித்துக் கால் இரண்டும் வீங்கி, வேறோர் ஆஸ்பத்திரியில் வாட்டில் விடவேண்டி வந்தது. சாமம் இரண்டு மணியிருக்கும். அம்மா கட்டிலில் சாய்ந்து இருந்தார். ஒரு மிசி வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம். கட்டிலுக்குக் கீழே கிடந்த ஸ்ரூலைக் காலால் இழுத்து, அம்மாவுக்கு நேரே போட்டு, அதில் இருந்தார். இருந்துவிட்டுத்தான் பேசினார். “நித்திரை வரேல்லையோ, அம்மா? வீட்டிலை எத்தினை தலாணி வைச்சுப் படுக்கிறனியள்?”

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முந்தி ஒண்டு, பிள்ளை. தைக்குப் பிறகு ரெண்டு. இப்ப மூண்டு வைச்சும் ஏலாது, இருந்துகொண்டுதான் படுக்கிறனான்.”

மிசி அதைத் துண்டில் எழுதிக்கொண்டு டொக்டரை எழுப்பப் போனார்.